உள்நாட்டுப் போரும் அரசுக் கடன் பத்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ பட்டர்வொர்த்திலோ இருப்பவரை வேறொரு நாட்டின் உள்நாட்டுப் போர் மூன்று வழிகளில் தொடும்: யூனிட் டிரஸ்டுக்குள் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதி) இருக்கும் வெளிநாட்டுப் பத்திரம், ஊருக்கு அனுப்பும் பணம், அங்கே முடங்கிக் கிடக்கும் நிலம் அல்லது வைப்புத்தொகை. இங்குள்ள கேள்விகள் இந்த மூன்றையும் சுற்றியவை. கணக்கு எளிதாக இருக்க, வட்டி ஆண்டுக்கு ஒரு முறை வருவதாக வைத்திருக்கிறோம்.

வட்டி எவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பிறகு போர் வந்தால் விலை ஏன் இறங்க வேண்டும்?

எழுதியிருப்பதால்தான் இறங்குகிறது. முகமதிப்பு (முதிர்வில் திரும்பும் அசல்) 1,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், வட்டி 4%, முதிர்வு 10 ஆண்டு என்று ஒரு பத்திரம் இருக்கிறது. வருடம் 40 வெள்ளி வரும், அது மாறாது. நேற்றுவரை 4% போதும் என்றிருந்த சந்தை, ஆபத்துக்கு ஈடாக இன்று 6% கேட்கிறது. வட்டியை ஏற்ற வழியில்லை, ஆகவே விலை 853 வெள்ளிக்கு இறங்கும். 12% கேட்டால் 548. அதே பத்திரம் இன்னும் இரண்டு ஆண்டில் முதிர்வதாக இருந்தால், 12% கேட்டாலும் 865க்குக் கீழே போகாது. நீண்ட காலப் பத்திரத்துக்கே அடி பலமாக விழும்.

இந்தக் கணக்கு, பணம் வரும் என்று சந்தை நம்பும் வரைதான் செல்லும். "வராது" என்று முடிவு கட்டிவிட்டால் முதிர்வு ஆண்டும் வட்டியும் பொருளிழந்துவிடும். 2 ஆண்டுப் பத்திரம், 10 ஆண்டுப் பத்திரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்து நிற்கும். நூறுக்கு எவ்வளவு மீளும் என்ற ஒரே கேள்விக்கான பதில்தான் அந்த விலை. வெவ்வேறு முதிர்வுள்ள ஒரு நாட்டின் பத்திரங்கள் எல்லாம் 30லிருந்து 35க்குள் நெருங்கி நின்றால், சந்தை யீல்டு (கொடுக்கும் விலைக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய்) பார்ப்பதை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

"ஆபத்து" என்று உண்மையில் எதை எடைபோடுகிறார்கள்? குண்டு விழும் எண்ணிக்கையையா?

அதற்குப் பங்கு மிகக் குறைவு. தலைநகரத்திலிருந்து தொலைவில் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தும் விலை அசையாமல் இருந்திருக்கிறது. துறைமுகமும் சுங்கமும் யார் கையில், மத்திய வங்கி யார் கையில், கடனை எந்தப் பணத்தில் தீர்க்க வேண்டும், தோற்றவன் கடனை வென்றவன் ஏற்பானா என்ற நான்கையும்தான் பார்க்கிறார்கள். ஏழை நாடுகளில் வருமான வரி திரட்டுவது கடினம். கப்பலிலிருந்து இறங்கும் சரக்குக்கு வரி போடுவது எளிது. அதனால்தான் சுங்கம் முதலில் வருகிறது.

சந்தை என்ன நினைக்கிறது என்பதை எண்ணாக்க ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. அமெரிக்க அரசுப் பத்திரத்தைவிட அந்த நாடு எத்தனை சதவீதம் கூடுதலாகத் தர வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். 9% என்று வைப்போம். தவறினால், அதாவது வட்டியோ அசலோ உரிய நாளில் தராவிட்டால், நூறுக்கு 40 மீளும் என்பது சந்தையில் வழக்கமான அனுமானம், அதாவது இழப்பு 60. 9ஐ 0.6ஆல் வகுத்தால் 15. இந்த ஆண்டுக்குள் தவற ஏறத்தாழ 15% வாய்ப்பு என்று விலை சொல்கிறது. துல்லியமான கணக்கில்லை, ஆனால் தலைப்புச் செய்தியை நம்புவதைவிட மேல்.

ஒரே போரில் இரு தரப்பும் பத்திரம் விற்ற உதாரணம் உண்டா?

இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது: 1861 முதல் 1865 வரை, பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கின் மத்திய அரசுக்கும் இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்.

வடக்கு 1862ல் தங்கத்துக்கு மாற்ற முடியாத காகித டாலரை அச்சிட்டது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. சுங்க வரியைத் தங்கத்தில்தான் கட்ட வேண்டும், அந்தத் தங்கத்திலிருந்து பத்திரத்துக்கு வட்டி கொடுக்கப்படும். நியூயார்க் துறைமுகம் கடைசிவரை வடக்கின் கையிலேயே இருந்ததால் வட்டி தங்கமாக வந்துகொண்டே இருந்தது. 5 ஆண்டுக்குப் பின் அரசு திருப்பித் தரலாம், 20 ஆண்டுக்குள் தந்தே ஆக வேண்டும் என்ற 6% பத்திரத்தை ஜே குக் என்ற வங்கியர் ஊர் ஊராக முகவர்களை அனுப்பிச் சாதாரண மக்களிடம் விற்றார். காகித டாலரின் கதை வேறு: தென்படை வாஷிங்டனை நெருங்கிய 1864 ஜூலையில் அது தங்கத்தில் 35 சென்ட் அளவுக்கு இறங்கியது. வெற்றி தோல்விச் செய்தியோடு ஏறி இறங்கியது அந்தக் காகிதம்தான்.

தெற்கிடம் பருத்தி இருந்தது, துறைமுகத்தை வடக்கின் கடற்படை முற்றுகையிட்டிருந்தது. 1863 மார்ச்சில் எர்லாங்கர் என்ற வங்கி நிறுவனம் வழியாக ஐரோப்பாவில் 30 லட்சம் பவுன் கடன் வாங்கியது. வட்டி 7%, வெளியீட்டு விலை நூறுக்கு 90. 100 பவுன் பத்திரத்தைக் கொடுத்தால் ராத்தல் 6 பென்ஸ் கணக்கில் 4,000 ராத்தல் பருத்தி கிடைக்கும். லிவர்பூலில் பருத்தி அப்போது 20 பென்ஸுக்கும் மேல். கேட்கவே வாய் ஊறும். ஆனால் போர் முடியாவிட்டால், பருத்தியைத் தெற்கின் உள்ளேயே, ரயில் பாதையிலிருந்தோ கப்பல் போகும் ஆற்றிலிருந்தோ 10 மைலுக்குள் ஓரிடத்தில் ஒப்படைப்பார்கள். முற்றுகையைத் தாண்டி வெளியே கொண்டுபோவது வாங்கியவர் பாடு. விலை சரியத் தொடங்கியதும் தென் அரசே தன் பத்திரத்தைச் சந்தையில் வாங்கி முட்டுக்கொடுத்தது. கடனாக வாங்கிய பணத்தில் ஒரு பகுதி இப்படியே கரைந்தது. ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையும் விக்ஸ்பர்க் நகரமும் கைவிட்டுப் போனபின் எந்த முட்டும் தாங்கவில்லை.

தோற்ற தரப்பின் பத்திரம் என்னாகும்?

பூஜ்யம். 1868ல் நிறைவேறிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம், கிளர்ச்சிக்காக வாங்கிய கடன் செல்லாது என்று எழுதியே வைத்தது.

வென்றவரும் சில நேரம் மறுப்பார். 1918ல் ரஷ்யாவின் போல்ஷெவிக் அரசு ஜார் காலக் கடன் முழுவதையும் தள்ளியது. பிரெஞ்சுக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் அந்தப் பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருந்தன. 1996ல்தான் ரஷ்யா பிரான்சுக்கு 40 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது சில்லறை.

26 ஆண்டு போர் நடத்தியும் தவறாத இலங்கை, போர் முடிந்து 13 ஆண்டு கழித்து ஏன் தவறியது?

யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. போர் முழுவதும் கொழும்புத் துறைமுகம் அரசின் கையிலேயே இருந்தது. சுங்க வரி, தேயிலை, ஆடை ஏற்றுமதி, மத்திய கிழக்கிலிருந்து வந்த பணம் எல்லாம் தெற்கு வழியாகவே ஓடின. கடனும் பெரும்பகுதி உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் ஆகியோரிடம் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்கு வாங்கியது. திருப்பித் தரும் சுமை அப்போது லேசு.

அடி விழாமல் இல்லை. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் கட்டடமே குண்டுவெடிப்பில் சிதைந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும் கப்பலுக்கும் விமானத்துக்கும் போர்க்காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. அந்த ஆண்டு பொருளாதாரம் சுருங்கியது. கவனியுங்கள், அரசுக் கணக்கை உண்மையில் ஆட்டியது கட்டுநாயக்கதான். வடக்கில் முகாம்கள் வீழ்ந்தபோது வராத ஆட்டம் அது.

முதல் டாலர் பத்திரம் 2007 அக்டோபரில், போர் உச்சத்தில் இருந்தபோதே வந்தது: 50 கோடி டாலர், 8.25%, 5 ஆண்டு. அடுத்த ஆண்டு இறுதியில், வன்னியில் அரசுப் படை முன்னேறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், இந்தப் பத்திரம் கடுமையாக விழுந்தது. காரணம் நியூயார்க்கில். லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்து உலக முதலீட்டாளர்கள் எல்லோரும் கையைச் சுருக்கினார்கள், இலங்கையின் டாலர் இருப்பும் வற்றியது. 2009 மே மாதம் போர் முடிந்தது, ஜூலையில் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் வந்தது, விலை மீண்டது, 2012ல் பத்திரம் ஒழுங்காகத் தீர்க்கப்பட்டது.

சிக்கல் அதற்குப் பின். போர் அபாயம் போய்விட்டது என்று சந்தை தாராளமாகக் கொடுத்தது, அரசும் சந்தை வட்டிக்கு டாலர் பத்திரம் மேல் பத்திரமாக வெளியிட்டது. 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். கோவிட்டில் சுற்றுலா நின்றது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. சுங்கம் கையில் இருந்தது, வரியைத்தான் விட்டுக்கொடுத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் முடிந்த மறுசீரமைப்பில் அசலில் 27% வெட்டு. பிற்காலப் பொருளாதார வளர்ச்சியைப் பொறுத்து அது கூடவும் குறையவும் இடம் வைத்திருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவும் இதே வரிசைதான். திக்ராய்ப் போர் 2022 நவம்பரில் ஒப்பந்தத்தோடு முடிந்தது. 100 கோடி டாலர் பத்திரத்தின் 3.3 கோடி டாலர் வட்டி தவறியது 2023 டிசம்பரில். சமாதானச் செய்தி கேட்டு வாங்குபவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

சொந்த நாட்டுப் பணத்தில் வெளியிட்ட பத்திரம் என்றால் தவறாதே?

பெரும்பாலும் தவறாது, ஏனென்றால் அச்சடித்தே தீர்க்கலாம். லெபனான் போர் தொடங்கிய 1975ல் டாலர் 3 லிராவுக்கும் கீழே. 1992ல் 2,000ஐத் தாண்டிவிட்டது. லிராப் பத்திரம் வைத்திருந்தவருக்கு முகமதிப்பு குறையாமல் கிடைத்தாலும் அதில் காய்கறி வாங்கத்தான் காணும். மத்திய வங்கியின் வாராந்திர அறிக்கையில் "அரசுக்குக் கொடுத்த கடன்", "கையிருப்பு அரசுப் பத்திரங்கள்" என்ற வரிகள் மாதாமாதம் பெருத்துக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏலத்தில் விற்காத பத்திரத்தை மத்திய வங்கி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சண்டை நடக்கும் மாகாணத்தின் நிதி எப்படி ஓடுகிறது?

வெளியில் இருப்பவர் நினைப்பதுபோல் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. நான்கு குழாய்கள் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக அடைபடும்.

முதலாவது சம்பளம். பல போர்களில் மத்திய அரசு, எதிர்த்தரப்பின் கட்டுப்பாட்டிலுள்ள பகுதியின் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் தொடர்ந்து சம்பளம் அனுப்பியிருக்கிறது, வன்னியும் அப்படித்தான். அனுப்பாவிட்டால் "அந்த மண் எங்களுடையது" என்ற வாதமே ஆட்டம் காணும். எத்தியோப்பியா மாறாக, போருக்கு ஒரு மாதம் முன்பே திக்ராய் ஆட்சித் தலைமைக்கான நிதி உறவைத் துண்டித்தது. ஒரு மாகாணத்துக்கான மானியம் நிற்பது எதிர்காலத்தைச் சொல்லும் நல்ல அறிகுறி.

இரண்டாவது வரி. ஒரே லாரி இரண்டு சோதனைச்சாவடியில் இரண்டு முறை கட்டும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஏ9 சாலை திறந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் போன சரக்கு இரு தரப்புச் சாவடிகளையும் கடந்தது. ஆளுக்கு 10% என்றால் 100 ரூபாய்ச் சரக்கு 121 ஆகிறது, ஏனென்றால் இரண்டாமவர் முதல் வரியையும் சேர்த்தே வரி போடுகிறார். 2006 ஆகஸ்டில் சாலை மூடியதும் வரி பிரச்சினை போய், சரக்கே இல்லாத பிரச்சினை வந்தது.

மூன்றாவது வங்கி. கணக்கில் எண் இருக்கும், நோட்டு இருக்காது. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் மியன்மாரில் ரொக்கம் எடுத்துத் தரத் தரகர்கள் கமிஷன் வாங்கினார்கள். திக்ராயில் 2021 நடுவிலிருந்து ஒன்றரை ஆண்டு வங்கியே மூடிக் கிடந்தது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கிடைக்காது, பத்திரப்பதிவு எரிந்திருக்கும் அல்லது நிலம் ராணுவ வளாகத்துக்குள் இருக்கும். மிஞ்சுவது நகை அடகு.

நான்காவது, நோட்டே இரண்டாகப் பிளப்பது. ஏமன் மத்திய வங்கி 2016 செப்டம்பரில் கிளர்ச்சியாளர் கையிலிருந்த சனாவிலிருந்து அரசின் கையிலிருந்த ஏடனுக்கு மாற்றப்பட்டது. ஏடன் அச்சிட்ட புது ரியாலைச் சனா ஆட்சியாளர்கள் 2019 இறுதியில் தடை செய்தார்கள். பழைய கிழிந்த நோட்டுப் புழங்கும் சனாவில் டாலர் 600க்குள் நின்றது, புது நோட்டு ஏடனில் 1,000ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரே நாட்டுக்குள் பணம் அனுப்ப, அனுப்பும் தொகையையே மிஞ்சும் கட்டணம் கேட்கும் நிலை அங்கிருந்துதான் பிறக்கிறது. லிபியாவின் மத்திய வங்கியும் 2014ல் பிளந்து, 2023ல்தான் ஒன்றானதாக அறிவித்தது.

போர் முடிந்ததும் வைப்புத்தொகை முழுதாகத் திரும்பும் என்றும் எண்ண வேண்டாம். 1970ல் நைஜீரியா போர் முடிந்தபோது, பிரிந்துபோயிருந்த பியாஃப்ராவின் பணமாக மாறியிருந்த கணக்குகளுக்கு, எவ்வளவு இருந்தாலும் சரி, ஆளுக்கு 20 பவுன் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

சண்டையே நடக்காத மாகாணங்கள் தப்பிக்குமா?

கட்டணம் கட்டித் தப்பிக்கும். இலங்கை நுகர்வோர் கொழும்பிலும் கண்டியிலும் தேசியப் பாதுகாப்பு வரி செலுத்தினார்கள்; 2002ல் அது மதிப்புக்கூட்டு வரிக்குள் கரைக்கப்பட்டது. அண்டை நாட்டுப் போரும் போதும்: தென் சூடான் அரசு எண்ணெயை நம்பி வாழ்கிறது, குழாயோ சூடான் வழியாகப் போகிறது. 2024 பிப்ரவரியில் சூடான் போருக்கு நடுவே குழாய் உடைந்தது, தென் சூடான் தலைநகர் ஜூபாவில் அரசு ஊழியர் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையானது. நம் எண்ணெய் நிறுவனம் பெட்ரோனாஸ் தென் சூடானை விட்டு வெளியேறுவதாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

பர்மாவில் செட்டியார்கள் இழந்ததும் இந்த வகையா?

பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளின் (செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடங்கள்) கணக்குப் புத்தகம் ரங்கூன் வரை நீண்ட காலம் அது. அவர்கள் கொடுத்தது அரசுக்கு அல்ல, நெல் விவசாயிக்கு, நில ஈட்டின் மேல். 1930களில் நெல் விலை சரிந்ததால் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது: கீழ் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் பங்கு 1930ல் 6%, 1938ல் 25%. பிறகு ஜப்பானியர், 1948ல் சுதந்திரம், உடனே உள்நாட்டுப் போர், அதே ஆண்டு நிலத் தேசியமயச் சட்டம். ஈடு என்பது அதை மீட்டுத்தரும் நீதிமன்றம் இருக்கும் வரைதான் ஈடு. லேவாதேவி நன்றாகத் தெரிந்தவர்களே அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

மியன்மார் தொழிலாளியிடம் ஊருக்குப் பணத்தை வங்கி வழி அனுப்பச் சொன்னால் ஏன் தயங்குகிறார்?

கோலாலம்பூர் ஜாலான் சீலாங் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: விகிதம். 2022 ஆகஸ்டிலிருந்து அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு 2,100 சாட். வெளிச்சந்தை 2024ல் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அந்த இடைவெளியை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதே கேள்வி. உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆள் வழியாகப் பணம் அனுப்புவது) வேகமாகப் போய்ச் சேரும், ஆனால் நம் நாட்டில் நாணயச் சேவை வணிகச் சட்டம் 2011ன் கீழ் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் குற்றம், பணம் மாயமானால் புகார் கொடுக்கவும் இடமில்லை. ரசீதில் பேங்க் நெகாரா (நம் மத்திய வங்கி) உரிம எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மலேசிய அரசுப் பத்திரம் இதனால் பாதிக்குமா?

பெரும்பாலும் சில நாள் நடுக்கம்தான். எண்ணெய் நாட்டில் போர் என்றால் நமக்குச் சில நேரம் லாபமும் உண்டு. 2011ல் லிபியா வெடித்தபோது பிரென்ட் கச்சா எண்ணெய் விலை 120 டாலரைத் தாண்டியது.

பத்திரம் நூறுக்கு 30க்கு வந்துவிட்டது. வாங்கலாமா?

முதலில் கைக்கு எட்டுமா பாருங்கள். டாலர் அரசுப் பத்திரங்கள் பலவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகை முகமதிப்பில் 200,000 டாலர். 30க்கு வாங்கினாலும் 60,000 டாலர் வேண்டும். அது இருந்தால், வெளியீட்டு ஆவணத்தில் இவற்றைத் தேடுங்கள்:

எந்த நாட்டுச் சட்டம்? நியூயார்க் அல்லது இங்கிலாந்துச் சட்டம் என்றால் அந்த அரசு தன் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா போட்டு நிபந்தனையை மாற்ற முடியாது. கூட்டு நடவடிக்கை விதியில் எத்தனை சதவீதம்? 75% பேர் ஒப்பினால் மீதிப் பேரையும் கட்டுப்படுத்தும் என்பது பொதுவானது. அதை மீறித் தனியாக அடம்பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

திரையில் தெரியும் விலைக்கே விற்க முடியாது. நெருக்கடியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே 3, 4 புள்ளி வித்தியாசம் சாதாரணம். 30ல் அது பத்து சதவீதமோ அதற்கு மேலோ. வட்டி தவறிய பத்திரத்தை "ஃபிளாட்" என்பார்கள், அதாவது சேர்ந்த வட்டியைத் தனியாகக் கணக்கிட்டு விற்பவருக்குத் தர வேண்டியதில்லை. தரகர் பழக்கத்தில் அதையும் சேர்த்துப் போட்டிருந்தால் ஒப்பந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுங்கள். கடைசியாக ரிங்கிட்: டாலரில் 10% கிடைத்து, அதற்குள் டாலர் ரிங்கிட்டுக்கு எதிராக 8% இறங்கினால் 1.10 பெருக்கல் 0.92, கையில் 1.2% மட்டுமே.

யூனிட் டிரஸ்ட் வழியாக இருந்தால் என்ன பார்க்க வேண்டும்?

மாதாந்திர நிதி அறிக்கையில் முதல் 5 முதலீட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நாடுவாரிப் பங்கீடு ஆண்டறிக்கையில் இருக்கும். விற்க ஆளில்லாத பத்திரத்துக்கு நிதி மேலாளர் போடும் விலை மதிப்பீடுதான். அவசரமாகப் பலர் வெளியேறினால் நல்ல பத்திரங்கள் முதலில் விற்கப்பட்டு, மிஞ்சியிருப்பவர் தலையில் விற்காத பத்திரம் சேரும். மீட்பை (யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதை) நிறுத்திவைக்கும் அதிகாரம் மேலாளருக்கு எந்தச் சூழலில் உண்டு என்று விளக்க ஏட்டில் ஒரு பத்தி இருக்கும். வாங்குமுன் படிக்க வேண்டிய பத்தி அது.

வட்டி வராமல் நின்றுவிட்டால் அடுத்து என்ன நடக்கும்?

உடனே தவறியதாகாது. பெரும்பாலும் 30 நாள் சலுகைக்காலம் உண்டு. இலங்கைக்கு 2022 ஏப்ரல் 18ல் வர வேண்டிய வட்டி மே 18ல்தான் முறைப்படித் தவறியது. பிறகு கடன் கொடுத்தோர் குழு அமையும், நாடு எவ்வளவு கடனைத் தாங்கும் என்ற ஐஎம்எஃப் கணக்கு வரும், மற்ற அரசுகளோடு பேச்சு நடக்கும். இலங்கைக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆனது. பழைய பத்திரத்துக்குப் புதியது தரும் பரிமாற்ற அறிவிப்பு வரும்போது பத்திரம் வைத்திருக்கும் காவல் வங்கி உங்களுக்குக் கடைசி நாளைத் தெரிவிக்கும். வங்கியின் தேதி பெரும்பாலும் ஆவணத்தில் உள்ள தேதிக்குச் சில வேலை நாள் முந்தியே இருக்கும். அந்தத் தேதியைப் பிடியுங்கள், மின்னஞ்சல் குப்பைப் பெட்டியையும் பாருங்கள்.